நூலண்ணனுக்கு வளைவு வராது

பொக்லைனை வேலியோரம் நிறுத்திவிட்டு இறங்கி, நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். முகம் சுளிக்கிறது. மறுபடி ஏறி, வண்டியை உறுமவிட்டு, ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, வேலிக்கு இணையாக நிறுத்திய பிறகு இறங்குகிறார். இனிமேல்தான் அவரால் டீ குடிக்க முடியும்.

"கோணலா நிக்கிற வண்டிய பாத்துக்கிட்டே எப்படிங்க குடிக்கிறது? வயித்தப் பெரட்டாது?"

இவரை இங்கே எல்லோரும் நூலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆளோ என்று நினைத்துவிட வேண்டாம். இவர் கால் வைத்து ஏறும்போது பொக்லைனே ஒரு தடவை யோசிக்கும். இவர் வெட்டிய வாய்க்கால்கள் நூல் பிடித்தாற்போல் இருக்கும், அதனால் வந்த பெயர் அது. தலை வகிடும் அப்படித்தான், வாசலில் விட்ட செருப்பும் அப்படித்தான். கொடியில் துணி காயப்போடும் வேலையை மனைவியிடம் விட்டதே இல்லை. "எங்க வீட்டுல துணி காயறதில்லைங்க, அணிவகுப்பு நடக்குது" என்பார் அந்த அம்மா.

நாங்கள் நிற்கிற இந்த வெளி முழுக்க ஒரு காலத்தில் சதுப்பு. பயிர் வைப்பதற்காக நீரை வடிக்க வேண்டியிருந்தது. நெளிந்து கிடந்த ஓடையை நிமிர்த்தி நேர் வாய்க்காலாக்கியவர் சாட்சாத் நூலண்ணன்தான், அப்போது மீசை கறுப்பாக இருந்த நூலண்ணன். கொஞ்ச காலம் நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் மழை பெய்தால் தண்ணீர் அந்த நேர் வாய்க்காலில் தலைதெறிக்க ஓடி, கீழே இருக்கிற தெருக்களுக்குள் புகுந்துவிடும். கோடையிலோ ஒரு சொட்டு தங்காது. விவசாயமும் கட்டுப்படியாகாமல் நின்றுபோனது. இப்போது நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதைப் பழையபடி சதுப்பாக்குகிறார்கள். ஓடை வளைந்தால் நீர் நிதானமாகும், தங்கும், புல் வரும், தவளை வரும், தவளையைத் தின்னக் கொக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வருவேன், ஓடை வெட்டிய நாட்களில் தினமுமே வந்தேன். முழங்கால் நீரில் சல்லடையோடு நின்று பூச்சி எண்ணும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் தட்டானையும் கொசுவையும் பிரித்தறியத் தெரியும், அதற்கு மேல் கேட்கக் கூடாது.

ஓடையை நெளிக்கும் வேலைக்கு, அதை நிமிர்த்தியவரையே கூப்பிட்டார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று முதலில் கேட்டவர் இவரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்க வேண்டும். முதல் வாரம் அவர் வெட்டிய வளைவுகள் ஒன்றுக்கொன்று அச்செடுத்தாற்போல் இருந்தன. இடது, வலது, இடது, வலது. பொறுப்புப் பொறியாளர் ஓர் இளம்பெண். மண்மேட்டில் ஏறி நின்று அதை நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இது ஓடை மாதிரி இல்லண்ணே. பேனாவுக்குள்ள இருக்கிற ஸ்ப்ரிங் மாதிரி இருக்கு."

நூலண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "நன்றி மேடம்" என்றார்.

பிறகு விஷயம் புரிந்ததும் மனிதர் சளைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டிப் பார்த்தார். மண்ணோடு தற்காலிகக் கழிப்பறையின் கதவும் வந்துவிட்டது. நல்ல வேளை, உள்ளே ஆளில்லை. இடது கையால் மட்டும் ஓட்டிப் பார்த்தார். இடது கையும் அவர் கைதானே, அதுவும் நேராகத்தான் போனது.

கடைசியில் பொறியாளர் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். வார முடிவில் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். அதற்குள் ஓடை ஓடை மாதிரி ஆகவில்லை என்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும். ஆளும் தயாராக இருக்கிறது.

அந்த ஆள் யார் என்பதுதான் நூலண்ணனின் நெஞ்சில் இறங்கிய முள். அவருடைய மனைவியின் தம்பி. அந்த மச்சானும் பொக்லைன் ஓட்டுகிறவர்தான், ஆனால் ஆயுளில் ஒரு குழியைக்கூட ஒழுங்காக வெட்டியதில்லை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டச் சொன்னால் குளம் தோண்டிவிட்டு வருவார் என்று பெயர். குடும்பமே அவரைப் பார்த்துச் சிரித்த காலம் போய், இப்போது அவருடைய கோணலுக்குக் கிராக்கி வந்துவிட்டது.

"அவன் வளைக்கல மேடம். அவனுக்கு நேரா வராது. ரெண்டும் வேற வேற" என்று நூலண்ணன் மன்றாடிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

காப்பாற்றியவர் மாமியார். தெரிந்து காப்பாற்றவில்லை. தினமும் காலையில் மருமகனுக்குப் போன் போடுவது அவருடைய வழக்கம், போனைக் காதிலிருந்து முழ தூரத்தில் பிடித்துக்கொண்டு "ம்" கொட்டுவது மருமகனின் வழக்கம். அன்றைக்கு இரண்டு கையும் நெம்புகோலில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அந்த அம்மாள் முட்டிவலியில் ஆரம்பித்தார். முட்டியிலிருந்து மருந்துக்கடை, மருந்துக்கடைக்காரர் வாங்கிய பிரிட்ஜ், அதைத் தூக்கி வந்தவரின் நாய், நாய் கடித்த வாத்தியார், வாத்தியார் மகளின் விவாகரத்து என்று போய், எப்படியோ மறுபடி முட்டிக்கே வந்து சேர்ந்தார். போன் ஓய்ந்ததும் நூலண்ணன் திரும்பிப் பார்த்தார். பின்னால் அசல் ஓடை ஒன்று கிடந்தது.

"அத்தை பேச்சு எங்க திரும்புச்சோ, அங்க என் கையும் திரும்பிடுச்சுங்க. நான் ஒண்ணுமே பண்ணல."

பொறியாளர் ஓடி வந்தார். ஒரு திருப்பத்தில் திடீரென்று ஆழமான மடு ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் மீன் ஒதுங்க அதைவிடத் தோதான இடம் கிடையாதாம்.

"இங்க ஒரு மடு வேணும்னு எப்படிண்ணே தோணுச்சு?"

"அங்க அத்தைக்கு அந்த வாத்தியார் பேரு ஞாபகம் வரல மேடம். யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. நானும் தோண்டிக்கிட்டே இருந்தேன்."

அதன் பிறகு போன் போடுவது மருமகன் என்றாகிவிட்டது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. "அப்புறம் என்னாச்சு அத்தை?" என்று இவர் எடுத்துக்கொடுக்க, அந்த அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெற்ற பிள்ளைகூட இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மனைவிக்குத்தான் சந்தேகம். "எங்கம்மாகிட்ட இவ்வளவு குழையறீங்களே, அவங்க வீட்டை எதுவும் எழுதி வாங்கப் போறீங்களா?"

ஓடை வளர்ந்தது. முட்டிவலி வளைவு, நாய்க்கடித் திருப்பம், விவாகரத்து மேடு என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். பார்வையிட வரும் நாளுக்கு முந்தின நாள், கடைசித் துண்டு ஒன்றுதான் பாக்கி. நூலண்ணன் உற்சாகமாகப் போன் போட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"மாப்பிள்ளை, சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றேன்" என்றார் மாமியார்.

நூலண்ணனின் முகம் வெளிறியது. இத்தனை வருடத்தில் அந்த அம்மாள் நேராக விஷயத்துக்கு வந்ததே இல்லை.

"எம்பையன் எல்லாத்தையும் சொன்னான். அவனுக்கு வேற பொழப்பு இல்ல. நீங்க கெட்டிக்காரரு, எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க. அந்த வேலைய அவனுக்கு விட்டுக்குடுத்துடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். போன் ஓய்ந்தது. இவர் கை மட்டும் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கடைசித் துண்டு இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. திருத்தலாம் என்று வண்டியைத் திருப்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் பொக்லைன் நகர மறுத்தது. "போச்சு. நாளைக்கு அவன்தான் இதுல உக்காருவான்" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். அந்த நடையைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால், ஓடை நிறையத் தண்ணீர். முட்டிவலி வளைவில் நிதானமாகத் திரும்பி, மடுவில் சுழித்து, ஒழுங்காக வந்த வெள்ளம், அந்த நேர்த் துண்டில் மட்டும் கரையை உடைத்துக்கொண்டு பழைய வயலுக்குள் இறங்கியிருந்தது. அங்கே தன் இஷ்டத்துக்கு ஒரு பெரிய வளைவு போட்டு, பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, மனம் மாறி, மறுபடி ஒன்றாகியிருந்தது. மாமியாராலேயே முடியாத நெளிவு. நூலண்ணன் பதறிப்போய் அடைப்பதற்கு வண்டியைக் கிளப்பினார். பொறியாளர் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"தொடாதீங்கண்ணே! ஓடை தானா வளைய ஆரம்பிச்சிடுச்சு. இதுக்குத்தான் இவ்வளவு பாடும். பாக்க வர்றவங்களுக்கும் இதத்தான் காட்டப் போறேன். இனிமே இங்க யாரும் வெட்ட வேண்டாம். நீங்களும் வேண்டாம், உங்க மச்சானும் வேண்டாம்."

"அப்ப எனக்கு?"

"தினம் கரையோட நடந்து பாக்கணும். எங்க அரிக்குது, எங்க மண்ணு சேருது, என்ன முளைச்சிருக்குன்னு வந்து சொல்லணும். ஆனா எதையும் தொடக் கூடாது. உங்களால முடியும்னா வேலை உங்களுக்கு. முடியலன்னா சொல்லிடுங்க."

அவர் நெம்புகோலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு வண்டியை அணைத்தார்.

இப்போது மூன்றாவது மாதம். போன ஞாயிறு நான் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கரையோரமாக நடந்து வந்தவர் புது வளைவில் நின்றுவிட்டார். கோரைப்புல்லோடு ஒரு மண்கட்டி, கரையிலிருந்து பெயர்ந்து, தண்ணீரின் மேல் படு கோணலாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு தட்டான். லேசாகத் தள்ளினால் போதும், கரை நேராகிவிடும். செருப்பைக் கழற்றினார். குனிந்தார். வலது கை தானாக நீண்டது. அது மண்ணைத் தொடுவதற்குள், இடது கை பாய்ந்து வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் அங்கேயே இறுக்கி வைத்துக்கொண்டது.