மலைப் பக்கத்து ஜன்னலும் ஓர் ஊதுபத்தியும்

"மலையில போர்வைக்குள்ள பொறந்தவ நீ. வெயில்ல வேகுறவனுக்கு இன்னா ஃபேன் விக்கப்போற?"

போளூரில் நான் வேலைக்குச் சேர்ந்த எலக்ட்ரிகல் கடையில் முதலாளி முதல் நாளே கேட்டது இது. என் ஊர் மலைமேல், ஜமுனாமரத்தூர் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். டிப்ளமோவும் முடித்திருந்தேன். ஃபேன் கவுண்டரைக் கேட்டு வாங்கினேன்.

இரண்டாவது வாரம் சந்தவாசலிலிருந்து செல்வி அக்கா வந்தார். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் தையல் வேலை செய்கிறவர்.

"ஏசிக்கு வழியில்லம்மா. சாயங்காலம் மிஷின்ல ஒக்கார முடியல. வேர்வை துணி மேல சொட்டுது."

தெருப் பக்கம் ஒன்று, மலைப் பக்கம் ஒன்று என இரண்டு ஜன்னல்கள் இருப்பதாகச் சொன்னார். பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் கொடுத்தேன். தெரு ஜன்னலில், காற்றை வெளியே தள்ளும்படி மாட்டச் சொன்னேன். மலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைக்கச் சொன்னேன். ஏன் என்று யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் காற்று வரும் பக்கத்தைச் சாத்தித்தான் பழக்கம். திறந்தால் குளிரில் அம்மா திட்டுவார்.

மூன்றாம் நாள் அக்கா ஃபேனைக் கோணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"முன்னாடி வெந்துக்கினு இருந்தேன். இப்போ வறுபடறேன்."

முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைலேர்ந்து நீ பில்லு போடு, போதும்."

"இந்த ஒரு சாயங்காலம் குடுங்கண்ணா. அக்கா வூட்டப் பாத்துட்டு வர்றேன்."

"போய்ட்டு வா. பில் புக்கு எங்கயும் ஓடிப் போவாது."

அக்காவோடு பஸ் ஏறினேன். ஃபேனை மறுபடி மாட்டி ஓட விட்டு, ஊதுபத்தி கொளுத்தி அறை முழுக்க நடந்தேன்.

"சாமி கும்புடவா வந்த?" என்றார் அக்கா.

ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடுக்கின் கீழே பிடித்தபோது புகை மேலே போகாமல் கீழே இறங்கியது. ஃபேன் தள்ளிய காற்றுக்குப் பதில் காற்று வர வேறு வழியில்லை. நாளெல்லாம் காய்ந்த ஷீட்டின் சூட்டைத்தான் அது அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

மலை நிழல் விழுந்திருந்த அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். புகை சட்டென்று தெருப் பக்கம் சாய்ந்தது. சிறிது நேரம் கழித்து, அக்கா மிஷினில் உட்கார்ந்து, பாதியில் விட்ட ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கத் தொடங்கினார்.

வாங்க வருகிறவர்கள் முதலில் அங்குலத்தைத்தான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். ஒன்பது அங்குலமே போதுமான அறைக்குப் பன்னிரண்டைக் கொடுத்ததும் என் தப்புதான். காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கம் நிழலாக இருக்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கம் ஃபேன். உள்ளே இருப்பதைவிட வெளியே சூடாக இருக்கும் மதியத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னல்களைச் சாத்துங்கள்.

கவுண்டர் இன்னும் என்னிடம்தான். முதலாளி கிண்டலை மட்டும் விடுவதில்லை: "இன்னா, இன்னிக்கு எந்த வூட்ல பூஜை?"

நேற்று ஒருவர் வந்ததும் வராததுமாக, இருப்பதிலேயே பெரிய ஃபேனுக்குப் பணத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"வூட்ல எத்தினி ஜன்னல்ங்க?"

எண்ணிப் பார்த்ததில்லை என்றார்.

அவர் ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பையில் அளக்கிற டேப்பும் ஊதுபத்தியும் இருக்கின்றன. டிக்கெட் வாங்கிவிட்டேன்.