குரல் போன பிறகு

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போகும்வரை, திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் நான் பேசாத நற்செய்திக் கூட்டம் இல்லை. சுவரொட்டியில் என் படம்தான் பெரிதாக இருக்கும்.

உடம்பு தேறியதும், பக்கத்து ஊர்ச் சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் கொண்டாடும் அறுப்பின் பண்டிகைக்குப் போனேன். பழக்கத்தில் மேடையேறி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எத்தனையோ முறை மாலை போட்ட சபைச் செயலாளர் ஓடி வந்தார்.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது பேச வர்றவங்களுக்குப் போட்ட நாற்காலி. நீங்க கீழ உட்காருங்க."

பதில் சொல்லக் குரல் இல்லை. எல்லாரும் பார்க்க இறங்கி, அறுவடை முடிந்த வயல்வழியே வீட்டுக்கு நடந்தேன்.

என் முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது. "ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. அவருக்குச் சத்தம் வேணுமா என்ன?" என்றாள்.

முழங்காலிட்டேன். மேடையில் சொல்லும் ஜெபங்கள்தான் வரிசையாக வந்தன. இத்தனை வருடம் அவரைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னேனே தவிர, அவரோடு பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "உம்மை எனக்குத் தெரியாது, ஆண்டவரே" என்று உதடு அசைந்தது. அழுதேன்.

இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. வலிக்காமல் இல்லை. ஆனாலும் காலைதோறும் முழங்காலிட்டு, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறேன். ஊர் ஊராகப் பேசித் திரிந்த காலத்தில் அதற்கு எனக்கு நேரமே இருந்ததில்லை.