மலையை மாற்றிச் சுற்றிய காலை

என் மாமா கால்பந்து ஆடியது பிழைப்புக்காக. அம்மாவின் தம்பி அவர். முதலில் கோவாவில் ஒரு கிளப், பிறகு கொல்கத்தாவில் ஒரு கிளப். டிபண்டர். கோல் போடுகிற ஆள் இல்லை, போட விடாத ஆள். அதனால் பேப்பரில் படம் வந்தாலும் ஓரத்தில் பாதி முகம்தான் வரும். ஒரு ஆட்டத்தில் வலது முட்டி போயிற்று. ஆபரேஷன் முடிந்து திருவண்ணாமலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். முட்டி சரியானால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள்.

அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மறுபடி ஆடுகிற வரைக்கும் ஞாயிறு தோறும் மலையைச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவளுக்குச் செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதியில் சமையல் வேலை. வாரம் முழுக்க நின்றே இருப்பாள். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அதையும் செருப்பில்லாமல் நடந்தே கழித்தாள்.

மாமாவுக்குச் சும்மா இருக்க வரவில்லை. வேங்கிக்காலில் ஒரு காலி இடத்தில் தெருப் பிள்ளைகள் எங்களைச் சேர்த்துப் பந்து பழக்கினார். அதில் நான் ஒருத்திதான் பெண். கீழ்பென்னாத்தூர் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆடினோம். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவர்கள் பந்தோடு ஓடி வந்தால் நாங்கள் ஒதுங்கி வழி விட்டோம்.

மாமா கத்தவில்லை. “ஏன், தேரு வருதுன்னு நினைச்சிட்டீங்களா? கன்னத்துல போட்டுனு அனுப்பியிருக்கலாமே” என்றார்.

அடுத்த ஞாயிறு காலையில் எங்களைக் காஞ்சி ரோட்டுப் பக்கம் கிரிவலப் பாதைக்குக் கூட்டிப்போனார். மலை வலது கை பக்கம் இருக்கத்தான் எல்லாரும் நடப்பார்கள். எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் அது தெரியும். மாமா எங்களை எதிர்த் திசையில் ஓடச் சொன்னார். வருகிறவர்கள் மேல் இடிக்கக் கூடாது. ரோட்டை விட்டு இறங்கவும் கூடாது.

“காலைப் பாக்காத, அது பொய் சொல்லும். மூஞ்சி அதைவிட ஜாஸ்தி பொய் சொல்லும். இடுப்பைப் பாரு. ஆளு எந்தப் பக்கம் போவான்னு இடுப்புக்குத்தான் தெரியும்.”

ஓடினோம். நடந்து வந்த பெண்கள் திட்டினார்கள். டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

“யோவ் ப்ளேயரு, சாமிய ஏன்யா ரிவர்ஸ்ல எடுக்கற?”

“சாமி அங்கியேதான் இருக்காருண்ணா. நாங்கதான் ரிவர்ஸு” என்றார் மாமா.

பெரிய பையன்கள் அடி அண்ணாமலை பக்கம் முன்னால் ஓடிவிட்டார்கள். நான் மாமாவோடு பின்னால் வந்தேன். சொன்னபடி இடுப்பு மட்டும் பார்த்தேன். வேட்டி. சுடிதார். காவி. அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகின ஒரு பச்சைப் புடவை. அது எனக்குத் தெரிந்த செருகல். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அம்மா.

அதே நேரம், தோளில் குழந்தையோடு ஒருவர் மாமாவுக்கு நேராக வந்தார். மாமா சட்டென்று திரும்பினார். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “பாத்துப்பா” என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு வந்தவர் போனார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வீட்டில் அம்மா இருக்கும்போது மாமா நாற்காலியிலேயே இருப்பார். அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் எழுந்து நடப்பார்.

அம்மா ஓடி வந்தாள். முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கியிருந்தது.

“சரியாயிடுச்சின்னு சொன்னியேடா.”

“ஆவாதுக்கா. டாக்டர் சொல்லிட்டாரு. கிளப்புக்குப் போன் பண்ணி வரலைன்னு போன மாசமே சொல்லிட்டேன்.”

“போன மாசமேவா? அப்ப இத்தினி நாளா நான் யாருக்குடா நடக்கறேன்?”

மாமா கையை ஊன்றி எழப் பார்த்தார். அம்மா ஆட்டோ பிடிக்கிறேன் என்றாள்.

“வேணாங்கா. பசங்க முன்னாடி போயிட்டாங்க. அதுங்க தனியா நிக்கும். இனிமே அதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுதான் என் வேலை. நான் போவணும். நீ சுத்தி முடி.”

அவள் சுற்று முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த இடத்திலிருந்து ஊர் பக்கம்தான். அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாமாவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். மலை இப்போது அவளுக்கு இடது கை பக்கம் இருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

மாமா தாங்கித் தாங்கி நடந்தார். எதிரில் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. விபூதி பூசின ஒரு பெரியவர் நின்றுவிட்டார்.

“ஏம்மா, விவரம் தெரிஞ்சவ மாதிரி இருக்கற. மாத்திப் போறியே.”

அம்மா நிற்கவில்லை.

“கொஞ்சம் ஒதுங்குங்க பெரியவரே. கோச்சு வர்றாரு.”

நான் சிரித்துவிட்டேன். அம்மா கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். மாமாவும் சிரிப்பார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேலி அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.