செம்பைக் குறைத்த சற்குணன் அண்ணன்

மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது: "சற்குணன் அண்ணன் தவறிட்டார். நியாலாஸ் ஊர் வீட்லதான்." எனக்கு அழுகை வரவில்லை. ஆய்வகத்து அமிலத் தொட்டிதான் கண்முன் வந்தது.

நம் ஆய்வகத்தாருக்குத் தெரியும், வெயிலில் மின்சாரம் தரும் மெல்லிய சூரியத் தகட்டின் முதுகில் உலோகம் பூசுமுன் அதை அமிலத்தில் கழுவ வேண்டும். அது என் வேலை. நான் உண்டாகியிருப்பதை யாரிடமும் சொல்லுமுன்பே, அங்கே உடன் வேலை பார்த்த அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாசி லெமாக் சோத்து வாசனைக்கே வாந்தியெடுக்க ஓடுற. யாருக்குத் தெரியாதுலா? தள்ளு, நான் கழுவுறேன்."

"உங்களுக்கு மட்டும் ஆகுமா அண்ணே?"

"எனக்கென்ன புள்ளையா பொறக்கப் போவுது?"

அன்றிலிருந்து தொட்டி அவருடையதானது. நான் பிரசவ விடுப்பு முடிந்து வந்தபிறகும் திருப்பித் தரவில்லை.

முதுகில் செம்பு கொஞ்சம் சேர்த்தால் மின்சாரம் தடையில்லாமல் வெளியேறும். ஆனால் அதே செம்பு நாளடைவில் உள்ளே ஊறித் தகட்டைக் கெடுத்துவிடும். முதல் அளவீடு நன்றாக வந்ததும் நாங்கள் கேக் வாங்கக் கிளம்புவோம். அண்ணன் தடுப்பார். "எல்லா மாப்பிள்ளையும் மொத வாரம் நல்லவன்தான். சூட்டுல போட்டுப் பாப்போம்லா."

அவர் செம்பை வெகுவாகக் குறைத்துச் செய்த தகடுகள் முதல் நாள் மந்தமாகவே இருந்தன. 'கஞ்ச மாப்பிள்ளை' என்று கேலி செய்தோம். வாரக்கணக்கில் விளக்குச் சூட்டில் கிடந்து மற்றவை தளர்ந்தபோது அவை மட்டும் நின்றன. அன்று கேக்கை அவரே வெட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

துக்க வீட்டில் அண்ணியின் அருகில் உட்கார்ந்தேன். அவரே என் கையைப் பிடித்தார்.

"அந்த ஆசிட்டாலயான்னுதானே மனசுல ஓடுது? இல்லம்மா. அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே இதயத்துல வால்வு கோளாறு. லேப் செக்கப்பெல்லாம் சுத்தமாத்தான் வந்துச்சு, டாக்டரும் சொல்லிட்டாரு. 'எனக்கு ஒண்ணு ஆனா அந்தப் பொண்ணு பயந்தே செத்துடும், மொதல்ல அவகிட்ட சொல்லிடு'ன்னு அவரே சொல்லி வச்சிருந்தாரு."

காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அதன் பிறகுதான் அவருக்காக மட்டும் அழ முடிந்தது.

அவர் போய்ச் சில நாளாகிறது. மகள் தூங்கிவிட்டாள். அவளுக்குச் சிறு சளி. மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது, ஆனாலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். பொறுத்துப் பார்க்கும் அந்தக் குணத்தைத்தான் அண்ணனிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன், மெல்லத்தான் பழகும். தொட்டி மறுபடி என்னிடம் வந்துவிட்டது. அவர் கடைசியாகச் செய்த தகடுகள் இன்னும் விளக்கின் கீழ்தான் இருக்கின்றன. இன்றும் அளந்து பார்த்தேன். தளரவில்லை.