செப்டம்பர்காரியின் முட்டி

நாற்பத்தைந்து தாண்டிய பிறகு பரதநாட்டியம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். சேலையூரில் ஒரு மாடி ஹால். டீச்சருக்கு என் பெண் வயதுதான். அவள் என்னை ‘அக்கா’ என்பாள், நான் அவளை ‘மிஸ்’ என்பேன். விஜயதசமிக்குக் காலனி கோயிலில் குரூப் டான்ஸ். “அரைமண்டி ஒழுங்கா வந்தாதான் மேடை, அக்கா” என்று சொல்லிவிட்டாள். முட்டியை இரண்டு பக்கமும் விரித்துப் பாதி உட்கார வேண்டும். எனக்கு அது பஸ்ஸில் சீட் கிடைக்காதவள் நிற்கிற மாதிரிதான் வந்தது. ஆனால் அந்த மேடை எனக்கு வேண்டும். சின்ன வயதில் கேட்டு, கிடைக்காமல் அழுத மேடை.

வீட்டுக்காரருக்கு ஜப்பான் கம்பெனியில் வேலை. வருஷா வருஷம் காலண்டர் வரும். இந்தத் தடவை முழுக்க, மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த அந்தக் காலத்துப் படங்கள். செப்டம்பர் பக்கத்தில் ஒருத்தி விசிறியோடு ஆடுகிறாள். பக்கத்தில் ஒரு பெண் மூன்று தந்தி வாத்தியம் மீட்டுகிறாள், இன்னொருத்தி சின்ன மத்தளம் தட்டுகிறாள். ஆடுகிறவளின் அங்கி தரையில் புரள்கிறது. உள்ளே முட்டி மடங்கியிருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா, யார் கண்டது? முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அடிப்பாவி, இதுவல்லவா சாமர்த்தியம்!

மறுநாளே மேற்குத் தாம்பரம் டெய்லரிடம் போய், டான்ஸ் பாவாடையைத் தரை வரைக்கும் இறக்கித் தைக்கச் சொன்னேன். “தடுக்கி வுயுந்துட்டு என்னாண்ட வந்து கத்தக் கூடாதுக்கா” என்றார்.

ஒத்திகையில் மிஸ் அந்தப் பாவாடையை மேலும் கீழும் பார்த்தாள். தாளம் போடும் தட்டுக்கழியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஆடினோம். எல்லார் சலங்கையும் நின்ற பிறகு, என்னுடையது மட்டும் தனியாக ஒரு ‘ஜல்’. காலண்டரில் இருப்பவளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. என் மானமே போயிற்று. வெளியே செருப்பு மாட்டும்போது அழுகை வந்துவிட்டது.

மிஸ் பின்னாலேயே வந்தாள். “பாவாடையை ஏத்துங்கக்கா. முட்டி தெரிஞ்சா தெரியட்டும். கடைசி வரிசை, ஓரம். வர்றீங்களா இல்லையா?”

வர்றீங்களாவாம்! டெய்லரிடம் மறுபடி போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். விஜயதசமியன்று ஆடினேன். எல்லாரும் இடது பக்கம் திரும்பியபோது நான் வலது பக்கம் திரும்பினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தப்பாகச் செய்ததில்லை.

வீட்டுக்காரர் எடுத்த ஒரு போட்டோ அபாரமாக வந்திருந்தது. கழுத்துச் சாய்வு, கண், கை எல்லாம் அப்படியே அந்தச் செப்டம்பர்காரி. பெருமை தாங்காமல் மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“சூப்பர்க்கா! போட்டோல தாளம் தப்பவே இல்ல.”