தொட்டி நெல் குடித்த தண்ணீர்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின பிசான நெல் போகத்தில், அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே கால்வாயின் கடைமடையில் இருந்த எங்கள் வயலுக்கு விவசாய இலாகா ஐயா ஒருவர் சைக்கிளில் வந்தார். வயலில் ஓர் இரும்புத் தொட்டியைப் புதைத்து அதற்குள்ளும் நாற்று நடச் சொன்னார். தினமும் சாயங்காலம் வந்து, தொட்டிக்குள் போட்டிருந்த கோடு வரைக்கும் செம்புக் குவளையால் தண்ணீர் ஊற்றுவார். எத்தனை குவளை பிடித்தது என்று நோட்டில் எழுதுவார். ஒரு போகத்துக்கு நெல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்கிறாராம். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. விடிந்ததும் ஏழு வயதுக்காரியான என்னையும் கூட்டிக்கொண்டு போய், தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை அள்ளி வெளியே விடுவார்.

"கொஞ்சந்தான் குடிக்குன்னு எழுதிட்டாருன்னா நம்ம மடையச் சுருக்கிருவாங்க. யார்ட்டயும் சொல்லிராதட்டி."

மத்தியானம் அம்மாவோடு கஞ்சி கொண்டு போவேன். அப்பா குடித்துவிட்டு மரத்தடியில் கண்ணயர்ந்ததும், அம்மா கலயத்தைக் கழுவி, வாய்க்கால் தண்ணீரை மொண்டு தொட்டியில் கோடு வரைக்கும் ஊற்றிவிடுவாள்.

"சூல் கட்டின பயிரு. அது குடிக்கத அளக்கலாமா? கண்ணு பட்டுரும்லா. அப்பாட்ட சொல்லாதட்டி."

அம்மாவுக்கு அடிக்கடி தலை சுற்றும். அப்படிப் படுத்துக்கொண்ட நாளில் ஊற்ற ஆள் கிடையாது.

இலாகா ஐயா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நேத்து ஒம்பது குவளை குடிச்சிருக்கு. இன்னைக்கு ஒண்ணுமே குடிக்கல. யாராவது கை வைக்காங்களா பாப்பா?"

அப்பாவைக் காட்டிக் கொடுத்தால் மடை போகும். அம்மாவைக் காட்டிக் கொடுத்தால் பயிர் பதராகும். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பினார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இந்த வயலை வைத்து ஒன்றும் எழுத முடியாது என்று சொல்லி, அறுப்புக்கு முன்பே தொட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். நெல் நிறையக் குடிப்பது நல்லதா, குடிக்காமல் இருப்பது நல்லதா என்று எனக்குத்தான் கடைசி வரை பிடிபடவில்லை.

அந்த மாதங்களில் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள். எனக்குத் தராமல் ஏதோ பண்டம் தின்கிறாள் என்று எனக்கு ஒரே கோபம். முந்தின வருஷம் பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் வட்டிலைப் பார்த்து, "ரெண்டு பேரு சோறுல்லா திங்கா" என்று சிரித்தாள். அதற்கு அடுத்த வாரம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டே இருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.

சித்திரையில் தம்பி பிறந்தான். அதன் பிறகு அம்மா கதவைச் சாத்தவில்லை. நான் முதல் வேலையாக அடுக்களைக்குள் நுழைந்து, ஒளித்து வைத்த பண்டத்தைத் தேடினேன்.