மட்டம் மூன்று மீட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். திருநெல்வேலியில் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அணையில் திறக்கும் தண்ணீரையும் மழையளவையும் கொடுத்தால், சீவலப்பேரியில் தாமிரபரணி எவ்வளவு ஏறும் என்று சொல்லும் புரோகிராமை ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதுவதுதான் என் புராஜெக்ட். புரோகிராமுக்குள் ஆற்றின் உயரத்தைக் குறிக்க மற்றவர்கள் 'ஹைட்' என்று பெயர் வைத்த இடத்தில், நான் வீம்பாக 'மட்டம்' என்று வைத்தேன். தமிழ்ப் பற்று என்று பீற்றிக்கொண்டதும் உண்டு.

தினமும் ஆற்றின் அளவுகோலைப் பார்த்து எனக்குச் சொன்னவர், கரையில் ஆட்டுக்கிடை வைத்திருந்த ஓர் அக்கா. அவர் சொல்லும் அளவு என் விடையைவிட எப்போதும் கொஞ்சம் கூடவே இருக்கும். அக்காவுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு மூன்றரை மீட்டர் ஏறினால் கிடைக்குள் தண்ணீர் வந்துவிடும். இருபது ஆடுகள்தான் அவருடைய மொத்தப் பிழைப்பு. அணையைத் திறக்கப்போவதாகச் செய்தி வந்த அன்று கேட்டார். "ஆட்டை மேட்டுக்கு ஓட்டிரட்டுமா, இங்கனயே கெடக்கட்டுமா?"

"நாளைக்கு மூணு மீட்டர்தான் வரும்க்கா, இங்கனயே கெடக்கட்டும்" என்றேன், பெருமையாக.

மறுநாள் காலை லேபில் இருப்பு கொள்ளவில்லை. பழைய விடைகளைப் புரட்டினேன். இரண்டு, இரண்டு, மூன்று. ஒன்றில்கூடத் தசமப் புள்ளி இல்லை. இதே புராஜெக்டை 'ஹைட்' என்ற பெயரோடு செய்த தோழியின் புரோகிராமில் அதே எண்களைக் கொடுத்தேன். 3.9 என்று வந்தது. ஒரு பெயரில் வைப்பது முழு எண்ணா, புள்ளி வைத்த எண்ணா என்று நாம் சொல்லாவிட்டால், பெயரின் முதல் எழுத்தை வைத்து ஃபோர்ட்ரானே முடிவு செய்துகொள்ளும். ஆங்கில எழுத்து I முதல் N வரை என்றால் முழு எண். மட்டத்துக்கு M. புள்ளிக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் வெட்டிவிட்டது. முதல் வருடமே படித்த பாடம். அக்கா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

சீவலப்பேரி பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். "பைய இரும்மா, ஓடத்தான செய்யுது" என்றார் கண்டக்டர்.

போனபோது கிடையில் கணுக்கால் தண்ணீர். இருவருமாக ஆடுகளை மேட்டுக்கு விரட்டினோம். கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறியபோது தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது.

"ஏறாதுன்னு சொன்னியேம்மா?" அக்கா மூச்சு வாங்கக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிட்டுக்கா."

"அது மிஷினுதான, அதுக்கு என்ன தெரியும். நீ ஓடி வந்தியே, அது போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றும் எங்காவது ஒரு கவுண்டரில் யாராவது 'கம்ப்யூட்டர் மிஸ்டேக்' என்று சொன்னால், அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த ஈரக் கைதான் ஞாபகம் வந்து, வெட்கமாக இருக்கிறது.